கருவூலத்திலிருந்து ஆயர் இருக்கைக்கு: ஃபுருமென்தியுஸும் அக்சும் திருச்சபையின் தோற்றமும்

எத்தியோப்பியத் திருச்சபை தன் முதல் ஆயராகப் போற்றும் புனித ஃபுருமென்தியுஸ், மறைபரப்பும் நோக்கத்தோடு அந்நாட்டுக்குச் சென்றவர் அல்லர், சிறைப்பட்டுச் சென்றவர். அவரால் தொடங்கிய சமய மாற்றம் அரண்மனையில் வேர்விட்டுப் பிறகே மக்களிடம் பரவியது என்பதையும், அத்திருச்சபையின் நெடுங்காலப் போக்கை அவர் மேற்கொண்ட ஒரு பயணமே முடிவு செய்தது என்பதையும் சான்றுகளின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அவரது வாழ்க்கைக்கு முதன்மைச் சான்று, கி.பி. 400ஐ ஒட்டி லத்தீனில் திருச்சபை வரலாறு எழுதிய ருஃபினுஸ் தரும் குறிப்பு. தீர் நகரத்து மெய்யியலாளர் மெரோபியுஸ், உறவுச் சிறுவர்களும் மாணவர்களுமான ஃபுருமென்தியுஸ், எதேசியுஸ் இருவருடன் கடற்பயணம் போனார். திரும்பும் வழியில் தண்ணீருக்காகக் கரையொதுங்கிய கப்பலில் இருந்தோர் அனைவரும் கொல்லப்பட்டனர். மரத்தடியில் பாடம் படித்துக்கொண்டிருந்த சிறுவர்கள் மட்டும் பிழைத்து அரசனிடம் கொண்டுசெல்லப்பட்டனர். எதேசியுஸ் பானபாத்திரக்காரர் ஆனார். ஃபுருமென்தியுஸின் அறிவைக் கண்ட அரசன் கணக்கையும் ஓலைகளையும் அவர் பொறுப்பில் விட்டான். அரசன் இறந்தபின், இளவரசன் வளரும்வரை ஆட்சிக்குத் துணைநிற்கும்படி அரசி அவர்களை வேண்டிக்கொண்டாள். அந்த அதிகாரத்தைக் கொண்டு ஃபுருமென்தியுஸ் செய்த காரியம் கவனத்துக்குரியது. அங்கு வந்துபோன ரோமானிய வணிகர்களுள் கிறிஸ்தவர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் கூடிச் செபிக்க இடங்கள் அமைத்துக்கொள்ள உதவினார். ஆக, பண்டைய எத்தியோப்பிய அரசான அக்சுமில் முதல் கிறிஸ்தவச் சமூகம் அயல்நாட்டு வணிகர்களிடையேதான் உருவானது; நாட்டினரின் சமய மாற்றம் அதன்பின் அரண்மனையில் தொடங்கியது.

இதைத் தீர் நகரில் குருவாகிவிட்ட எதேசியுஸின் வாயிலாகவே கேட்டதாக ருஃபினுஸ் சொல்கிறார். ஆயினும் அவர் நாட்டை ‘இந்தியா’ என்றே குறிக்கிறார்; அரசனின் பெயரையும் தரவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது ஓர் எதிர்த்தரப்பு ஆவணம். அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியார் எதிர்த்த ஆரியுஸின் கொள்கைக்கு ஆதரவாக நின்ற பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், 356ஐ ஒட்டி அக்சுமின் ஆட்சியாளர்களான எசானா, சசானா இருவருக்கும் கடிதம் எழுதினார். அத்தனாசியாரால் திருநிலைப்படுத்தப்பட்ட ஃபுருமென்தியுஸை, அலெக்சாந்திரியாவில் தாம் ஆதரித்த ஆயர் ஜார்ஜிடம் விசாரணைக்கு அனுப்பவேண்டும் என்பது அதன் சாரம். அத்தனாசியார் தம் நூலில் அதைச் சேர்த்துவைத்ததால் நமக்குக் கிடைக்கிறது. புனிதரைப் புகழும் எண்ணம் சிறிதும் இல்லாதவர் எழுதியது என்பதால், இதைப் பக்திக் கதைகள் எவற்றையும்விட நம்பத்தகுந்த சான்றாகக் கொள்கிறேன்.

மண்ணில் கிடைத்த சான்றுகளும் இதனோடு ஒத்துப்போகின்றன. கிரேக்கம், எத்தியோப்பியத் தொன்மொழியான கீஸ், சபேயம் ஆகிய மொழிகளில் அமைந்த எசானாவின் கல்வெட்டு அவனைப் போர்த்தெய்வம் மஹ்ரெமின் மகன் என்கிறது. தம்பி சசானாவின் பெயரும் அதில் உண்டு. பிந்தைய கீஸ் கல்வெட்டில் ‘விண்ணின் ஆண்டவர்’ என்ற பொதுச்சொல் வருகிறது. கிரேக்கக் கல்வெட்டொன்றோ தந்தை, மகன், தூய ஆவி என்று வெளிப்படையாகவே அறிக்கையிடுகிறது. காசுகளிலும் பிறையும் வட்டும் இருந்த இடத்தைச் சிலுவை பிடிக்கிறது. பழைய தெய்வங்களை வணங்கிய குடிகளுக்கும் கிறிஸ்தவ வணிகருக்கும் நடுவே அரசன் நிதானமாக அடியெடுத்து வைத்ததையே இவ்வேறுபாடுகள் காட்டுகின்றன எனலாம்.

கீஸ் மொழி விவிலியத்தையும் ஃபுருமென்தியுஸின் பெயரில் ஏற்றிச் சொல்வது மரபு. ஆனால் அம்மொழிபெயர்ப்பு பல கைகளில் நடந்த நீண்ட பணி. அதை ஒருவருக்கே உரியதாக்கச் சான்றில்லை. உள்நாட்டு மக்களிடம் நம்பிக்கை ஆழமாகப் பரவியதில், ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ‘ஒன்பது புனிதர்கள்’ எனும் துறவிகளின் பங்கு பெரிது.

ஃபுருமென்தியுஸின் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. இளவரசன் வளர்ந்தபின் நாட்டைவிட்டுப் புறப்பட்ட அவர், எதேசியுஸைப் போல வீடு திரும்பவில்லை. அலெக்சாந்திரியா சென்று, அந்தச் சிறு சமூகத்துக்கு ஓர் ஆயரைத் தருமாறு அத்தனாசியாரிடம் கேட்டார். தமக்கெனப் பதவி கேட்கவில்லை. அத்தனாசியாரே அவரைத் தேர்ந்து திருநிலைப்படுத்தி அனுப்பினார். இப்பயணத்தால் எத்தியோப்பியத் திருச்சபை அலெக்சாந்திரியாவோடு பிணைந்தது. அதன் தலைமை ஆயர்கள் எகிப்திலிருந்தே அனுப்பப்பட்டனர். 1951இல் பசிலியோஸ் பொறுப்பேற்றபோதுதான் எத்தியோப்பியர் ஒருவர் முதன்முதலாக அந்த இருக்கையில் அமர்ந்தார். 1959இல் அவரே அத்திருச்சபையின் முதல் மறைமுதுவர் ஆனார்.