சான் வாக்கீன் பள்ளத்தாக்கு: நிலம் அமிழ்தல்

கலிஃபோர்னியாவின் கடலோர மலைகளுக்கும் சியரா நெவாடா மலைத்தொடருக்கும் நடுவே நீண்டு கிடக்கும் வறண்ட சமவெளி சான் வாக்கீன் பள்ளத்தாக்கு. அதன் தென்கோடியில் உள்ள பேக்கர்ஸ்ஃபீல்டில் ஆண்டு மழை 20 செ.மீ.கூடப் பெய்வதில்லை. ஆயினும் பாதாமும் பிஸ்தாவும் திராட்சையும் பருத்தியும் இங்கே கொழிக்கின்றன. பூமிக்கடியிலிருந்து இறைத்த நீர் அந்தச் செழிப்புக்குப் பெரிதும் உதவியது. அதனாலேயே நிலமும் அமிழ்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு தோண்டிய பல கிணறுகளில் நீர் தானாகவே பொங்கி வழிந்தது. பக்கத்து மலைகளின் பனி உருகி வரும் ஆறுகள் டுலாரே ஏரியை நிரப்பின. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அன்று அதைவிடப் பரந்த நன்னீர் ஏரி வேறு இருக்கவில்லை. அந்த ஆறுகளைப் பாசனத்துக்குத் திருப்பியபின் ஏரி வற்றி, அதன் படுகை வயலானது. 1920களிலிருந்து ஆழ்துளைக் கிணறுகளும் மின்சாரப் பம்புகளும் பெருகின. டெலானோ வட்டாரத்தில் நிலம் இறங்குவது 1935இலேயே கவனத்துக்கு வந்தது. ஆனாலும் பாசன நீர் கொண்டுவரும் டெல்டா-மென்டோட்டா கால்வாய்க்கு ஆபத்து என்ற அச்சம் எழுந்த பிறகே, 1950களின் நடுவில், முறையான ஆய்வு தொடங்கியது.

அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் ஜோசப் போலண்ட் அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். மென்டோட்டா அருகே ஒரு மின்கம்பத்தை ஒட்டி அவர் நிற்கும் 1977ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. கம்பத்தின் உச்சியருகே 1925 என்ற பலகை, இடையில் 1955, அவர் காலடியில் 1977. அந்தந்த ஆண்டில் தரை இருந்த உயரத்தை அவை காட்டுகின்றன. மொத்த இறக்கம் சுமார் 9 மீட்டர். 1970க்குள் பள்ளத்தாக்கில் சுமார் பாதி, ஏறத்தாழ 13,500 சதுர கி.மீ., குறைந்தது 30 செ.மீ. தாழ்ந்திருந்தது.

காரணம் களிமண். மணல் அடுக்குகளுக்கு இடையே கிடக்கும் களிமண் படிவுகளில் நுண்துளைகள் நிறைய. அவற்றில் நிற்கும் நீரின் அழுத்தம் மேலுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீரை இறைக்க இறைக்க அழுத்தம் குறைந்து, மேலும் அதிகப் பாரம் களிமண் துகள்கள் மீது இறங்குகிறது. துகள்கள் நெருங்கி அடுக்கு இறுகிவிடும். பின்னர் நீர்மட்டம் ஏறினாலும் மணல் ஓரளவு மீளும். இறுகிய களிமண் மீளாது. அதில் நீர் தங்கிய இடம் போனது போனதுதான்.

கால்வாய்கள் வழியே ஆற்றுநீர் வந்ததும் அமிழ்தல் தணிந்தது. 1976-77 வறட்சியில் தலைதூக்கியது, 2012-16 வறட்சியில் உக்கிரமடைந்தது. பழியை வறட்சியின் மீது மட்டும் போட முடியாது. தன் நிலத்தடியில் இருப்பதை உரிமையாளர் இறைத்துக்கொள்ள, மாநிலம் தழுவிய கட்டுப்பாடு 2014 வரை இல்லை. பெரும் பண்ணைகள் மேலும் ஆழமாகத் துளைத்தன. ஏழைத் தொழிலாளர்கள் வாழும் கிழக்கு போர்ட்டர்வில்லில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றி, மக்கள் குடிக்கப் புட்டித் தண்ணீரையும் குளிக்க வாளித் தண்ணீரையும் நம்பி வாழ்ந்தார்கள்.

சரிவை நம்பி ஓடும் ஃபிரையண்ட்-கெர்ன் கால்வாய், தரை தாழ்ந்த இடத்தில் தன் கொள்ளளவில் பாதிக்கும் மேல் இழந்தது. அமிழ்ந்துவரும் கோர்க்ரன் நகரை வெள்ளத்திலிருந்து காக்கும் கரையை 2017இல் உயர்த்தினார்கள். 2023 வெள்ளத்தில் டுலாரே ஏரி மீண்டும் நிரம்பியபோது இன்னொரு முறை உயர்த்த வேண்டியதாயிற்று. 2014இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம், மிகை இறைப்பை நிறுத்த உள்ளூர் அமைப்புகளுக்கு 2040 வாக்கில் முடியும் கெடு விதித்துள்ளது.