பழைய யந்திரமும் புதிய கண்ணும்

தாணேக் கடற்கழியின் கிழக்குக் கரையிலுள்ள ஐரோலி, பம்பாய்த் தமிழரின் சரித்திரத்தில் பழமையான ஊரன்று. தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகிய இடங்கள். ஐரோலியோ, 1970-இல் சிட்கோ நிறுவனம் தோன்றி நவி மும்பையை வகுக்கத் தொடங்கிய பின்னர் உருப்பெற்ற குடியிருப்பு. முலுண்டிலிருந்து கழியைக் கடக்கும் பாலமும், தாணேயிலிருந்து வாஷிக்குச் செல்லும் ரயில் பாதையும் அமைந்த பிறகு, கணிப்பொறித் தொழிலைச் சார்ந்த அலுவலகங்கள் அங்கே பெருகின. அவற்றை நம்பிக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. அத்தகைய வீடுகளில், பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று இன்னும் உழைத்துக் கொண்டிருப்பது அபூர்வமன்று. இளைஞர்கள் கேட்கும் கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது. இந்தப் பழைய யந்திரத்தில் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால், தலையில் கருவியை மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகத்தில் விளையாட முடியுமா என்கிறார்கள். கேள்வி சிறியது. அதற்கு விடை சொல்ல ஏறக்குறைய இரு நூற்றாண்டுக் கதை ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கைப்பணம் சம்பந்தப்பட்ட காரியமாகையால் அறிவதில் லாபமும் உண்டு.

இரண்டு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால், மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தை உணர்ந்து கொள்ளும். இவ்வுண்மையை 1838-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துக் காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன். 1984-இல் மலையாளத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் முப்பரிமாணப் படத்தைக் கண்ணாடி அணிந்து பார்த்து வியந்தோமே, அதற்கும் அடிப்படை அதே உண்மைதான். ஆயினும் கொட்டகையில் நாம் தலையைத் திருப்பினால் படம் திரும்புவதில்லை. தலை திரும்பும் திசைக்கேற்ப உலகமும் திரும்ப வேண்டுமானால், ஒவ்வொரு கணமும் படத்தைப் புதிதாக வரைய ஒரு யந்திரம் வேண்டும். அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் தம் மாணவர் பாப் ஸ்புரோலின் துணையுடன் 1968-இல் அமைத்த தலைக்கருவி அதைச் செய்தது. கூரையிலிருந்து இணைத்துத் தொங்கவிடப்பட்ட அக்கருவி காட்டியவை வெறும் கோட்டுருவங்களே. ஆனால் பார்ப்பவர் நகர்ந்தால் அவையும் அதற்கேற்ப மாறின.

1980களில் ஜாரன் லேனியர் என்பவர் இத்துறைக்கு 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்ற பெயரைப் பரப்பினார். அதற்குத் தமிழில் 'மெய்நிகர்' என்று சொல்கிறோம். மெய்யன்று, மெய்க்கு நிகரானது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இவ்வளவு கச்சிதமான சொல் நாள்தோறும் அமைவதில்லை.

இனி அந்தக் கார்டின் கதைக்கு வருவோம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. அவற்றை அந்நிறுவனத்தார் 'ஸ்லாட்' என்றனர். படம் காட்டும் வேலை பலகையோடு பிணைக்கப்படாமல், செருகும் அட்டை ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. யந்திரத்தின் மின்சுற்று வரைபடங்களையும் ஐபிஎம் அச்சிட்டு வெளியிட்டமையால், எவரும் அட்டை செய்து விற்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. எம் எண்ணத்தில், பழைய யந்திரத்தைப் புதுப்பிக்கலாம் என்ற நம்பிக்கை முழுவதும் அந்தச் செருகுவாயில் பிறந்ததே. அன்றைய வண்ண அட்டை காட்டியது குறுக்கில் 320, நெடுக்கில் 200 புள்ளிகளும் நான்கு நிறங்களும். 1987-இல் விஜிஏ வந்து அதை விரிவாக்கியது.

நம் நாட்டில் ஐபிஎம் நிறுவனம் 1978-இல் வெளியேறியிருந்தது. 1984 நவம்பரில் வெளியான மத்திய அரசின் கணிப்பொறிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்திய பின், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டித் தரும் கடைகள் தழைத்தன. சென்னையில் ரிச்சி தெரு, தில்லியில் நேரு பிளேஸ், பம்பாயில் லாமிங்டன் ரோடு. 'அசெம்பிள்டு' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்த யந்திரம் ஏழையின் சமாதானம் என்று சிலர் கருதினர். உண்மையில், திறந்து மாற்றத்தக்க பொருள் அதுவே. மூடி முத்திரையிட்டு வந்த யந்திரத்தில் அந்தச் சுதந்திரம் குறைவு.

1996-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் 'வூடூ' அட்டை வந்தது. அது பழைய அட்டையை நீக்கவில்லை; அதன் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பரிமாண விளையாட்டுக்கு மட்டும் பொறுப்பேற்றது. இரண்டுக்கும் இடையே ஒரு கம்பி ஓடும். பழையதை வைத்துக்கொண்டே புதியதைச் சேர்க்கும் கலைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. மூன்றாண்டுகளில் என்விடியாவின் 'ஜீஃபோர்ஸ் 256' வந்து, 'ஜிபியு' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. 2004 முதல் பலகைகளில் 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' என்னும் செருகுவாய் இடம்பெற்றது. அதன் பின்வந்த தலைமுறை அட்டைகளும் முன்வந்த பலகைகளில் பொதுவாக ஏறும்; வேகம் சற்றுக் குறையும், அவ்வளவே.

2012-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய 'ஆக்குலஸ் ரிஃப்ட்' தலைக்கருவி 2016 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அப்போதுதான் பழைய யந்திரங்கள் திணறின. சாதாரணத் திரைக்கு நொடிக்கு 60 படங்கள் போதும். 1920-க்கு 1080 அளவில் அது ஏறத்தாழ 12 கோடி 44 லட்சம் புள்ளிகள். ரிஃப்டோ இரு கண்களுக்கும் சேர்த்து நொடிக்கு 90 படங்கள் கேட்டது. ஓரங்களின் வளைவைத் திருத்துவதற்காகக் கூடுதலாக வரைவதையும் சேர்த்தால் சுமார் 40 கோடிப் புள்ளிகள். தலையசைவுக்கும் படம் மாறுவதற்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் நேர்ந்தால் பலருக்குத் தலை சுற்றும், குமட்டும். திரையில் தடுமாற்றம் கண்ணுக்கு எரிச்சல். தலைக்கருவியில் அது வயிற்றைப் புரட்டிவிடும்.

ஆகவே 'ஜிடிஎக்ஸ் 970' அட்டையும், 'ஐ5-4590' என்ற மூளைச் சில்லும், 8 ஜிபி நினைவகமும் வேண்டுமென நிர்ணயித்தனர். அதே 2016-இன் இறுதியில், 45 படங்களை வரைந்து இடைப்பட்டவற்றை ஊகத்தால் நிரப்பும் உபாயம் ஒன்றைக் கண்டனர், தேவை தாழ்ந்தது. பிற்பாடு 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' போன்ற எளிய அட்டையும் போதுமென்று ஒப்புக்கொண்டனர்.

ஐரோலி வீட்டு யந்திரத்துக்கு இந்த எளிய அட்டையே பெரும்பாலும் பொருத்தம் என்போம். காரணம் மின்சாரம். செருகுவாய் 75 வாட் வரை மட்டுமே தரும். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து ஆறு ஊசி இணைப்பு இன்னொரு 75 வாட்டும், எட்டு ஊசி இணைப்பு 150 வாட்டும் கொடுக்கும். அலுவலக உபயோகத்துக்கென்று செய்த பழைய பெட்டிகளில் இவ்விணைப்புகள் பெரும்பாலும் இருப்பதில்லை. பவர் சப்ளையையும் மாற்ற நேரிடும். அட்டையின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்று அளந்து பார்ப்பதும் அவசியம். மூளைச் சில்லு மிகப் பழையதாயின், எத்தனை உயர்ந்த அட்டையும் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

இவையெல்லாம் இரும்பும் கம்பியும் சம்பந்தப்பட்டவை, பார்த்து அறியலாம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து மென்பொருளில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2017-இல் தொடங்கிய 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' ஏற்பாட்டைத் தன் 2024-ஆம் ஆண்டு விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து நீக்கிவிட்டது; அதை நம்பி வாங்கிய தலைக்கருவிகள், பழுதொன்றும் இல்லாதிருந்தும், அப்பதிப்பில் வேலை செய்யாமற் போயின. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. பழைய யந்திரங்கள் பல அடுத்த பதிப்பின் நிபந்தனைகளுக்கு உட்படுவதில்லை. செருகுவாய் தந்த உரிமையை ஓர் அறிவிப்பு திரும்பப் பெற்றுக்கொள்ள முடிகிறது என்பது எமக்கு உவப்பான செய்தியன்று. எனவே அட்டையை விலை பேசுமுன், வாங்கக் கருதும் தலைக்கருவிக்கு இன்னும் ஆதரவு உண்டா என்று விசாரிக்க வேண்டும். 2019-இல் வந்த 'குவெஸ்ட்' போல் தனித்தியங்கும் கருவிகளை அட்டையே இல்லாமலும் உபயோகிக்கலாம். கனமான விளையாட்டுகளுக்கு மட்டும் யந்திரத்தோடு இணைத்துக் கொள்ளலாம்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2017-லும் 2021-லும், எண்ம நாணயம் தோண்டுவோர் அட்டைகளை மூட்டை மூட்டையாக வாங்கியதால் விலை தாறுமாறாக ஏறியது. 2022 செப்டம்பரில் 'எதிரியம்' நாணயம் அம்முறையைக் கைவிட்டதும், இரவுபகலாக உழைத்துக் களைத்த அட்டைகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. ஆகவே கைமாறி வரும் அட்டையைக் கடையிலேயே ஓடவிட்டு, விசிறியின் ஓசையைக் கேட்டு வாங்குவது நலம். ஐரோலியிலிருந்து ரயிலேறித் தாணே வந்து, தாதரில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு நடக்கும் தூரமே. கவர்னராயிருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் போய், டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பலகை மாறிய பின்னும், ஜனங்களின் வாயில் பழைய பெயரே வழங்குகிறது. போகும்போது கழற்றிய பழைய அட்டையையும் கொண்டு போகலாம். ஓடுமானால் அதற்கும் ஒரு விலை சொல்ல யாரேனும் இருப்பார்கள்.