உணவு வங்கிக்கு ஏற்ற நன்கொடைப் பொருள்கள்: சேலம், நாமக்கல் வட்டாரம்

உணவு வங்கி என்பது நன்கொடையாக வரும் மளிகையையும் மிஞ்சிய உணவையும் திரட்டி, தேவைப்படுவோருக்குச் சேர்ப்பிக்கும் அமைப்பு. 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கி இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. அதற்கு நூறாண்டு முன்பு, 1867-இல், வள்ளலார் வடலூரில் நிறுவிய சத்திய தருமசாலை, மக்கள் தரும் அரிசியையும் காய்கறியையும் கொண்டு இன்றும் பசியாற்றிவருகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் இப்பணி தன்னார்வக் குழுக்கள், வழிபாட்டிடங்கள், முதியோர் இல்லங்கள் எனப் பல கைகளில் பரவிக் கிடக்கிறது. எந்தக் கையில் கொடுத்தாலும், எதைக் கொடுப்பது என்பதில் சில விதிகள் பொதுவானவை.

நன்கொடை என்றதும் நினைவுக்கு வருவது அரிசி மூட்டை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால், குடும்ப அட்டை உள்ள வீட்டில் பெரும்பாலும் குறைவது அரிசி அல்ல, அதோடு சேரவேண்டியவைதான். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அந்த ஒரு கிலோ பருப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் அளவே. ஆகவே பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, கடலையெண்ணெய், புளி, மிளகாய்த்தூள், அயோடின் உப்பு ஆகியவை அரிசியைவிட அதிகம் பயன்படும். அரை கிலோப் பொட்டலங்களாகத் தருவது நல்லது. பெரிய மூட்டையைப் பிரித்துக் கட்டும் வேலை மிச்சமாவதோடு, ஒன்றில் வண்டு விழுந்தாலும் மற்றவை தப்பும்.

சேலத்தின் பெயர்பெற்ற ஜவ்வரிசி மலிவானது, நாள்பட இருக்கக்கூடியது. ஆனால் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான். பாயசத்துக்கு உதவுமே தவிர, புரதக் குறையைத் தீர்க்காது. அந்தக் குறைக்கு மருந்து பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் நல்ல புரதம் உண்டு. உடைக்காதவரை யாரும் கலப்படம் செய்ய முடியாத பொருளும்கூட. நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் முட்டையே தமிழகச் சத்துணவுக் கூடங்களுக்குப் பெரும்பாலும் போகிறது. பள்ளி விடுமுறைக் காலத்தில் குழந்தைகளுக்கு அது நின்றுபோவதால், கோடையில் தரும் முட்டைக்கு மதிப்பு அதிகம். கெடும் வேகமும் அப்போதுதான் அதிகம். 30 முட்டை கொண்ட அட்டைகளாகப் புதிதாக வாங்கி, நிழலில் வைத்து, ஒரு வாரத்துக்குள் வீடுகளுக்குப் போய்ச் சேரும்படி தரவேண்டும். கழுவித் துடைத்துத் தருவது சுத்தம்போலத் தோன்றினாலும், ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு அகன்று கிருமி உள்ளே புக வழியாகும். மலிவாகக் கிடைக்கும் கீறல் முட்டை நன்கொடைக்கு ஆகாது.

நிலக்கடலையும் இம்மண்ணில் விளைவதுதான். பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதும் போகாது. சுருங்கிய, கறுத்த, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்த பிறகே கொடுக்கலாம்.

பெறுபவர் யார் என்பதைப் பொறுத்தும் தேர்வு மாறும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளிலும் கோழிப்பண்ணைகளிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளருக்குப் புழுங்கலரிசியைவிடக் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும் உதவும். சேலம் அரசு மருத்துவமனை வளாகத்தில் நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருப்பவரிடம் அடுப்பு இல்லை. அவருக்குப் பருப்புப் பொட்டலம் வீண். வாழைப்பழம், பொட்டுக்கடலை, ரொட்டி, குடிநீர் போன்றவையே பொருந்தும். தனித்து வாழும் முதியவருக்கு ராகி மாவு நல்லது. அரைத்த மாவு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும் என்பதால் சிறிதளவே தரவேண்டும்.

பால்மாவு விஷயத்தில் நல்லெண்ணம் போதாது. கைக்குழந்தைகளுக்கான தாய்ப்பால் மாற்றுணவையும் பால்புட்டியையும் நன்கொடையாக வழங்குவதை 1992-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. அனாதை இல்லங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அசுத்த நீரில் கரைத்த மாவும் கழுவாத புட்டியும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குவதும், தாய்ப்பால் கொடுப்பது நின்றுபோவதும் இதற்குக் காரணங்கள்.

மிஞ்சிய உணவைத் திரட்டி வழங்குவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் தனி ஒழுங்குமுறைகளை வகுத்தது. காலாவதியான பொருளை இலவசமாகவும் கொடுக்கக் கூடாது. அலமாரியைக் காலிசெய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது உறையிலுள்ள தேதியைத்தான். குறைந்தது ஒரு மாத ஆயுளாவது மீதி இருந்தால்தான் பிரித்து வழங்க அவகாசம் கிடைக்கும். நசுங்கிய டப்பா, உப்பிய பொட்டலம், பிரித்து மூடிய பாட்டில் ஆகியவற்றையும் ஒதுக்கவேண்டும். கல்யாண மண்டபத்துச் சமையல் 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும்போதே எடுக்கப்படவேண்டும். இலையில் பரிமாறியதை எடுக்கவே கூடாது. புளியோதரை ஓரளவு தாங்கும். தேங்காய்ச் சட்னியும் கூட்டும் மதிய வெயிலில் தாங்கா.

சேலம் லீ பஜார் போன்ற மொத்தச் சந்தையில் மூட்டையாக வாங்கும் குழுவுக்கு, ஒருவர் சில்லறைக் கடையில் செலவழிக்கும் அதே பணத்தில் கூடுதல் பருப்பு கிடைக்கும். எனவே என்ன தருவது என்று தெளிவில்லாதபோது பணமாகத் தருவதும் ஒரு வழி. பொருளாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைப்பதில்லை. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கும் அப்படியே.