வலையிறவுப் பாலத்தில் நின்ற இரண்டு பேர்

மட்டக்களப்பு டவுனில இருந்து வவுணதீவுக்குப் போறதெண்டா வலையிறவுப் பாலத்தைக் கடக்க வேணும். எழுவான்கரை முடிஞ்சு படுவான்கரை தொடங்குற இடம். எங்கட பட்ச்சில மூன்று பேருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. அவங்களோட பஸ்ஸில போகும்போது ஒரு பழக்கத்தைக் கவனிச்சிருக்கிறம். பாலம் வந்தவுடனே கதை நிண்டுடும். பொலிஸ் நிண்டாலும் சரி, நிக்காட்டியும் சரி, சனம் வாயை மூடிக்கொள்ளும். போர் முடிஞ்சு இவ்வளவு காலமாச்சு, உடம்புக்கு இன்னும் தெரியேல்ல.

2018 நவம்பர் 30 அதிகாலை, அந்தப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் இரவுக் கடமையில் இருந்த இரண்டு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களது ஆயுதங்களும் எடுத்துச் செல்லப்பட்டன. ஒருவர் காலிப் பக்கத்துச் சிங்களவர். மற்றவர் கல்முனைப் பக்கத்துத் தமிழர். இந்தக் கட்டுரையை அவர்களிலிருந்து தொடங்க நினைத்தபோது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "எங்கட சனத்தை அடிச்சவங்களுக்கு நாங்க ஏன் கட்டுரை எழுதோணும்?" எண்டு ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம், மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்தவர்கள் உட்படப் பலரைக் கொன்றது பொலிஸின் ஓர் அங்கமான விசேட அதிரடிப் படை. அதைச் சொல்லாமல் இந்த வாவிக்கரையில் பொலிஸைப் பற்றி ஒரு வரிகூட எழுத ஏலாது. சொல்லிவிட்டே எழுதுகிறோம்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இலங்கைப் பொலிஸ் இன்றும் இயங்குவது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான். அடுத்த வருஷம், 1866 செப்டம்பர் 3 அன்று, காம்ப்பெல் என்ற ஆங்கிலேய அதிகாரி தலைமை ஏற்றார். பம்பாய் மாகாணத்து ரத்னகிரியில் காவல் படை நடத்திய அனுபவத்தோடு வந்தவர். இப்போதும் செப்டம்பர் 3 தான் பொலிஸ் தினம். அயர்லாந்தில் பிரிட்டிஷார் பழகி, பிறகு குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் கொண்டுபோன முறை ஒன்று இருந்தது. காவலரை அவருடைய ஊரில் வைக்காதே, சனத்தோடு ஒட்டவிடாதே, பாசறையில் தங்க வை, கூப்பிட்ட நேரம் வரச் செய். ஊரைக் காக்கிற வேலையை விட ஊரை அடக்கி வைக்கிற வேலைக்குத்தான் இது பொருந்தும். எங்கட ஊர் பொலிஸ் நிலையங்களைப் பார்த்தால் அந்த வாசனை இன்னும் போகேல்ல எண்டுதான் படுது.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பொலிஸ் அலுவலர் எவரும் எந்நேரமும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்பது அதன் பொருள். குற்றவாளி தப்பி ஓடும்போது, "எனக்கு டியூட்டி முடிஞ்சுது" என்று காவலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக எழுதியிருக்கலாம். ஆனால் நடைமுறையில் ஒரு மனிசனின் நாள் எங்கே முடிகிறது என்ற கேள்வியையே அது அழித்துவிடுகிறது. பொலிஸாருக்குத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் கிடையாது. ஆசிரியர் சங்கம் ரோட்டுக்கு வரும், தாதியர் சங்கம் வரும், அவர்களைத் தடுக்கத் தடியோடு நிற்கிற கான்ஸ்டபிளுக்கு மட்டும் கேட்க ஓர் இடமில்லை.

செத்த பிறகு மரியாதை உண்டு. 1864 மார்ச் 21 அன்று மாவனல்லைக்குப் பக்கத்தில், உத்துவன்கந்தை சரதியேலைப் பிடிக்கப் போன இடத்தில் சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பொலிஸ் வீரர்கள் தினம் வருஷா வருஷம் அந்தத் தேதியில்தான் நடக்கிறது. நாட்டின் முதல் பொலிஸ் வீரர் ஒரு முஸ்லிம் என்பது எங்கட பாடப் புத்தகத்தில் எங்கேயும் கண்ணில் பட்டதாக ஞாபகம் இல்லை.

இனி 1990. இதை எழுதுறது எங்களுக்கு லேசில்லை. அந்த வருஷம் மார்ச் மாதம் இந்தியப் படை வெளியேறியது. பிரேமதாச அரசும் புலிகளும் பேச்சுவார்த்தையில் இருந்தார்கள். ஜூன் 11, திங்கட்கிழமை, மட்டக்களப்பு தொடங்கி கிழக்கில் இருந்த பொலிஸ் நிலையங்களைப் புலிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வளைத்தார்கள். கொழும்பில் இருந்து வந்த கட்டளை, சுட வேண்டாம், சரணடையுங்கள் என்பது. அப்போது பொலிஸ் மா அதிபர் ஏர்னஸ்ட் பெரேரா. கல்முனை நிலையத்தில் இருந்தவர்கள் உடனே பணியவில்லை. கடைசியில் அவர்களும் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத் சமாதானம் பேச யாழ்ப்பாணம் போனார். அதற்குள் சரணடைந்தவர்களில் சிங்களவர்களும் முஸ்லிம்களும் பிரிக்கப்பட்டு, திருக்கோவில் பக்கத்து றூபஸ்குளம் காட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஆயுதத்தைக் கீழே வைத்த மனிசர். கை கட்டப்பட்ட மனிசர். அதில் பெரும்பாலானவர்கள் எங்கட வயசுக்காரராகத்தான் இருந்திருப்பார்கள். பொலிஸில் அதிகம் இருப்பது அந்த வயசுக் கான்ஸ்டபிள்கள்தானே. செய்தது எங்கட பேரில் போராடிய இயக்கம். இதை எங்கட வீடுகளில் கதைக்க மாட்டார்கள். கதைத்தால் அடுத்த வரியிலேயே, "மறுகா எங்களுக்கு நடந்தது தெரியும்தானே" என்று வரும். தெரியும். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். செப்டம்பர் 5 அன்று, நாங்கள் இன்றைக்கு விரிவுரைக்குப் போகிற இதே வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரைப் படையினர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. நாலு நாள் கழித்து சத்துருக்கொண்டான். ஒரு கொலையை இன்னொரு கொலையால் மூடி மூடியே அந்த வருஷத்தை இந்த ஊர் கடந்திருக்கிறது.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா களுவாஞ்சிகுடிக்காரி. 1990 பற்றி அவவிடம் கேட்டோம். கனநேரம் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு, "ஒரு பொலிஸ்காரப் பொடியன் எங்கட கடைக்கு வந்து வாழைப்பழம் வாங்குவான் மனே, தமிழ் தெரியாது, விரலைக் காட்டித்தான் கேட்பான்" என்றா. அவ்வளவுதான் சொன்னா. அந்தப் பொடியன் என்ன ஆனான் என்று நாங்களும் கேட்கவில்லை.

கொழும்பின் கட்டளையைக் கேட்டுச் சரணடைந்தவர்களுக்கு அந்தக் கொழும்பு என்ன செய்தது? மார்ச் 21இல் மலர்வளையம் வைக்கிறது. அந்தக் கட்டளையைப் பற்றி யாரும் உருப்படியாகப் பதில் சொன்னதில்லை, கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவும் இல்லை. பிற்காலத்தில் கிழக்கில் புலிகளின் தளபதியாக அறியப்பட்ட கருணா 2004இல் பிரிந்து, 2008இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, 2009இல் அமைச்சருமானார். 1990 கொலைகளில் தனக்குப் பங்கில்லை என்பது அவர் சொல்லிவரும் பதில். அரசாங்கத்துக்கு அந்தப் பதில் போதுமாக இருந்திருக்கிறது. சாதாரண கான்ஸ்டபிளின் உயிருக்கு அவருடைய சொந்த நிறுவனம் வைத்த விலை எங்களுக்கு இங்கேதான் தெரிகிறது.

வலையிறவுக்குத் திரும்புவோம். கொலை நடந்தது மாவீரர் நாளுக்கு மூன்று நாள் கழித்து. உடனே சந்தேகம் முன்னாள் போராளிகள் மேல் விழுந்தது. படுவான்கரைக்காரர் ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்தன. மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் செத்தார்கள். அதன் பிறகான விசாரணையில்தான் அந்த இரண்டு கான்ஸ்டபிள்களைக் கொன்றது சஹ்ரானின் குழு என்று தெரியவந்தது. உள்ளே இருந்தவர் மே மாதம் வெளியில் வந்தார். இறந்த இரண்டு பேரும் எப்படிச் செத்தார்கள் என்பதைச் சரியாக விசாரித்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி இருந்திருக்குமா என்ற கேள்வி பின்னர் பலமுறை எழுப்பப்பட்டது. பொலிஸ்காரரின் பாதுகாப்பு பொலிஸ்காரருக்கு மட்டுமான விஷயம் இல்லை எண்டு நாங்க நினைக்கிறது இதனாலதான். இரவு இரண்டு பேரைத் தனியாக ஒரு பாலத்தடியில் நிறுத்திவிட்டு, செத்த பிறகு கைக்கு எட்டிய தமிழனைப் பிடித்துப் போட்டால், கோப்பு மூடும், கொலையாளி வெளியில் நடப்பான்.

இன்னொரு சம்பவம் திருக்கோவிலில். ஆம், அதே திருக்கோவில். 2021 டிசம்பர் 24 இரவு, நத்தாருக்கு முந்தைய இரவு, திருக்கோவில் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே சார்ஜன்ட் ஒருவர் ரி-56 துப்பாக்கியால் சக பொலிஸாரைச் சுட்டார். நாலு பேர் இறந்தார்கள். நிலையப் பொறுப்பதிகாரி உட்பட வேறு சிலர் காயப்பட்டார்கள். சுட்டவர் எத்திமலைப் பொலிஸில் போய்ச் சரணடைந்தார். லீவு கேட்டுக் கிடைக்காத கோபம் என்று அப்போது செய்திகள் வந்தன. இறந்தவர்களில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோரும் இருந்தார்கள். 1990இல் பிரித்துக் கொல்லப்பட்ட அதே மண்ணில், இந்த முறை யாரையும் பிரிக்கவில்லை.

லீவு மறுத்தால் ஆளைச் சுடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நாலு குடும்பங்களுக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் வீட்டில் இருந்து தூரத்தில், பாசறையில், எந்நேரமும் கடமையில் என்று 1865இல் எழுதி வைத்த வாழ்க்கைக்குள், கையில் துப்பாக்கியோடு இருக்கிற ஒருத்தரின் மனசைப் பற்றி யார் எப்போது கேட்கிறார்கள்? தமிழ்நாட்டில் அதே 2021இல் டிஜிபி சைலேந்திர பாபு காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கு முன்னமே பெங்களூர் நிம்ஹான்ஸோடு சேர்ந்து காவலர்களுக்கும் குடும்பத்தாருக்கும் 'நிறைவாழ்வு' என்று ஒரு மனநலப் பயிற்சி தொடங்கியிருந்தார்கள். அங்கேயும் சாத்தான்குளம் நடந்தது. ஆகவே ஓய்வு கொடுத்தால் அடி நிண்டுடும் எண்டு நாங்க கணக்குப் போடேல்ல. ஆனா தூங்காத, கோபப்படுகிற, மொழி புரியாத ஆளிடம் முறைப்பாடு கொடுக்கப் போய் நிற்பது நாங்கள்தானே.

மொழி என்றால் அது தனிக் கதை. நாட்டில் நாலில் ஒருவர் தமிழ் பேசுபவர். பொலிஸில் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. 1956க்குப் பிறகு அரச வேலையின் கதவு எப்படிச் சாத்தப்பட்டது என்பது தெரிந்ததுதான். போர்க்காலத்தில் தமிழ் பொலிஸ்காரர் இரண்டு பக்கமும் சந்தேகத்துக்குரியவர். இப்போது கல்லடியில் பொலிஸ் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது, தமிழ் பேசும் இளைஞர்களை விண்ணப்பிக்கச் சொல்லி அறிவித்தல்களும் வருகின்றன. ஆனால் தெற்கில் இருந்து வருகிற பலருக்குக் கிழக்கு இன்னும் தண்டனை இடமாற்றம் மாதிரித்தான். தண்டனையாக வந்தவர் தமிழ் படிப்பாரா, திரும்பிப் போகிற நாளை எண்ணுவாரா?

எங்கட நண்பன் ஒருத்தன், வலையிறவுக்கு அங்கால வீடு, போன மாதம் உப பொலிஸ் பரிசோதகர் விண்ணப்பத்தை நிரப்பினான். டிகிரி முடிஞ்சு வேலைக்கு எத்தனை வருஷம் காத்திருக்கிறது எண்டு அவனுக்குப் பயம். அவன்ட அம்மா, "அந்த உடுப்போட இந்தப் பாலத்தால வீட்டுக்கு வராத" எண்டு சொல்லிட்டா. அப்பா ஒண்டும் சொல்லேல்ல. விண்ணப்பம் இன்னும் அவன்ட பேக்குக்குள்ளதான் கிடக்குது, முத்திரை ஒட்டினபடி.