பெரியண்ணனும் சின்னண்ணனும்



அப்பாசியாவில் "அண்ணே" என்ற வார்த்தைக்குப் பஞ்சமில்லை. பக்காலாவில் அண்ணே, பஸ் நிறுத்தத்தில் அண்ணே, வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போதும் அண்ணே. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடும்பமாய் இருப்பவர்கள் ஒரு பக்கமும், பேச்சுலர் ரூம்காரர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுகிறோம். ஒருவர் 18 விசாவா, 20 விசாவா என்று தெரிந்த பிறகு நம் குரலே மாறிவிடுகிறது.

அண்ணன் என்ற அழைப்பை வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்ட இரண்டு பேர் நம் தமிழ்ச் சபை வரலாற்றில் உண்டு. இருவரும் மருத்துவர்கள். ஒருவர் தமிழரான ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். 1921ல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் இவர்கள் ஒரு சகோதர ஐக்கியத்தைத் தொடங்கினார்கள். குலத்தின் பெயரால் மனிதரைப் பிரித்துவைத்த நாட்டில், அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிறிஸ்துகுல ஆசிரமம்.

வெள்ளைக்காரரை எல்லாரும் "துரை" என்று அழைத்த காலம் அது. ஆசிரமத்திலோ வயதில் மூத்த ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஆளும் இனத்தில் பிறந்தவர் இரண்டாம் இடத்தை மனதார ஏற்றுக்கொண்டார். இருவரும் திருமணம் செய்யவில்லை. கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார்கள். கோபுரத்தோடு தமிழ்நாட்டுக் கட்டடக்கலையில் ஜெபாலயமும் எழுந்தது.

இந்தத் தம்பி ஸ்தானத்துக்கு விலையும் இருந்தது. 1932ல், அந்நியத் துணி மறியல் நடந்த நாட்களில், சென்னையில் பேட்டன் போலீசாரிடம் அடிபட்டுக் கைதானார். ஆண்டவர்களின் வரிசையில் நிற்காமல் அண்ணன் தம்பிகளின் வரிசையில் நின்றவருக்கு, அவர்கள் வாங்கும் அடியிலும் பங்கு கிடைத்தது.

ஐக்கியத்தில் சேர்ந்தால் நமக்கு என்ன லாபம் என்று வாலிபர் கேட்பதுண்டு. பேட்டனுக்குக் கிடைத்தது இதுதான்: துரையாய் வந்தவர் சகோதரனாய் வளர்ந்தார். பணமும் படிப்பும் அவருக்கு ஏற்கெனவே இருந்தன. ஒரே பந்தியில் உட்காரவும், மூத்தவர் சொல் கேட்கவும், பிறர் பாரத்தைத் தன் தோளில் வாங்கவும் அவர் அந்த ஐக்கியத்தில்தான் பழகினார்.

சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவதைப் பாடும் 133ஆம் சங்கீதத்துக்கு மூன்றே வசனங்கள். மனப்பாடம் செய்வது எளிது. வாழ்ந்து காட்டத்தான் ஒரு மேஜை தேவைப்படுகிறது. வருகிற வெள்ளிக்கிழமை, ஊரையும் விசாவையும் விசாரிக்காமல், ரூமில் தனியே சாப்பிடும் ஒரு தம்பியை நம் வீட்டுக்கு அழைப்போமா? நம் வாலிபர் ஐக்கியம் அந்த மேஜையிலிருந்து தொடங்கட்டும்.