வளைவு விறைக்கும் கதை

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போனால் கவனியுங்கள். துவண்டு கிடக்கும் ஹோஸ் பைப், மோட்டார் போட்டதும் உருண்டு விறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வளைத்துப் பாருங்கள், லேசில் வளையாது. இரும்புக் குழாயின் வளைவிலும் இதே சமாச்சாரம்தான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

பாரிஸில் யூஜின் போர்டன் நசுங்கிய சுருள் குழாய் ஒன்றைச் சரிசெய்ய உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றினார். சுருளே நிமிரப் பார்த்தது! 1849-இல் அது பிரஷர் கேஜ் ஆனது. இன்றும் முள் காட்டும் பெரும்பாலான கேஜுகளுக்குள் இருப்பது அந்த வளைந்த குழாய்தான்.

1910-இல் ஜெர்மனியில் பாண்ட்லின் சோதித்தபோது, சாதாரண உத்தரக் கணக்கு சொன்னதைவிட வளைவு அதிகம் நெகிழ்ந்தது. காரணத்தை 1911-இல் வான் கார்மன் சொன்னார்: வளையும்போது குழாயின் வட்டம் முட்டை வடிவமாகிறது. சூட்டில் நீளும் குழாய்க்கு இந்த நெகிழ்வுதான் உயிர்.

உள்ளே அழுத்தம் இருந்தால்? அது வட்டத்தைக் கலையவிடாது, நெகிழ்வு குறையும். 1957-இல் ராடபாவும் ஜார்ஜும் இதைக் கணக்காக்கினார்கள். அமெரிக்காவின் பி31.3 விதிநூலில் அதற்கான சூத்திரம் இடம்பெற்றது. போட்டுப் பார்த்தேன். ஆரம், சுவர்த் தடிமனைப் போல 30 மடங்கு; வளைவின் ஆரம், குழாய் ஆரத்தைப் போல 3 மடங்கு; எஃகு, 20 பார் அழுத்தம். நெகிழ்வுக் காரணி 16.5-இலிருந்து சுமார் 13.3-க்கு இறங்குகிறது. தகைவுப் பெருக்கக் காரணியும் 4.2-இலிருந்து 3.1 ஆகிறது. அதே அழுத்தத்தில் சுவர் மூன்று மடங்கு தடித்தால் நெகிழ்வில் 2 சதவீதம்கூட மாறாது. ஆக, இது பெரிய, மெல்லிய குழாய்களின் பிரச்சினை.

தகைவு குறைகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். பாதிதான் சரி. விறைத்த வளைவு, வெப்பத்தின் தள்ளலைத் தான் வாங்கிக்கொள்ளாமல் பம்பு, கம்ப்ரசர் மூக்கில் ஏற்றிவிடும்.

வளைவில் அழுத்தம் வேறு விதத்திலும் விளையாடும். 1974 ஜூன் 1, இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ. இரண்டு முடக்குள்ள 20 அங்குலத் தற்காலிகக் குழாய், இரு முனையிலும் பெல்லோஸ். முடக்கில் அழுத்தம் உண்டாக்கும் வளைவுத் திருப்பத்தை யாரும் கணக்கிடவில்லை; வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸில் போட்டது. 28 பேர் செத்தார்கள்.

எரிவாயுக் குழாய்கள் போடும் காலம் இது. அழுத்த விறைப்பு மென்பொருளில் ஒரு சின்னத் தேர்வுப் பெட்டி. டிக் போடுவதா வேண்டாமா என்பதை மென்பொருள் சொல்லாது. இரண்டு விதமாகவும் ஓட்டி, மோசமானதற்கு வடிவமைப்பதே பத்திரம்.