முன்பனிக் காலத்துக் காகித நட்சத்திரம்



போன வாரம் என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது அவளே ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். "டீச்சர், டிசம்பர்ல கிளாஸ்ல விண்டர் பார்ட்டி வைக்கச் சொல்றாங்க. குழந்தைங்க ஈஸியா செய்யற மாதிரி நாலு கிராஃப்ட் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். போனை வைத்த பிறகு, ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த காலம் நினைவுக்கு வந்து தூக்கம் போய்விட்டது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீச்சர் எழுதினால் நீளம் இருக்கத்தானே செய்யும்!

முதலில், நமக்கு ஏது விண்டர் என்று கேட்பீர்கள். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். நம் பனி, விடியற்காலையில் கோலப் பொடியை ஈரமாக்குமே, அந்தப் பனி. ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் வெள்ளையாகக் கொட்டுவதற்கும் தமிழில் அதே சொல்தான். ஒருமுறை வகுப்பில் பனி நட்சத்திரம் வெட்டச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பனி தண்ணி மாதிரிதானே இருக்கும், அதுக்கு ஏது கை?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்றைக்குக் கடல் நட்சத்திரம் செய்யச் சொல்லிவிட்டேன். அது வலையில் சிக்கி அவர்கள் பார்த்தது.

இப்போது நான் சொல்லவந்த விஷயம்.

2003 டிசம்பர். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறைக்கு இரண்டு நாள் இருந்தது. வகுப்பில் பழைய காலண்டர் தாள்களைக் கொடுத்து நட்சத்திரமும் சங்கிலியும் செய்யவைத்தேன். மறுநாள் காலை ஒரு பையனின் அப்பா வந்தார். கடலுக்குப் போய் வந்த கையோடு வந்திருந்தார். கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், கைவேலைய நாங்களே கத்துக் குடுத்துப்போம். அஞ்சு வயசுலயே வலை பின்னுவான் எம்புள்ள. நீங்க எழுத்தக் கத்துக் குடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என்ன பதில் சொன்னேன் என்பதுகூட நினைவில்லை. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. பயிற்சிப் பள்ளியில் மார்க்குக்காகப் படித்த கல்வி வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படிக்கவைத்தது அதுதான்.

வகுப்பில் காகிதம் மடிப்பது, வெட்டுவது, பின்னுவது எல்லாம் எங்கே தொடங்கியது? ஜெர்மனியில் ஃப்ரெடரிக் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் 1837ல் சிறு குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பிறகு அதற்குக் கின்டர்கார்டன், அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயர் வைத்தார். காகிதம் மடித்தல், தாள் பின்னல், களிமண், குச்சி வேலை எல்லாம் அவர் முறைப்படுத்திக் கொடுத்தவை. செய்த பொருளை விற்பது அவர் நோக்கமில்லை. கை வழியாகக் குழந்தை யோசிக்கப் பழகும் என்றார். பிரஷ்ய அரசு 1851ல் அந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860ல். குழந்தை காகிதம் மடிப்பதைக்கூடப் பார்த்துப் பயந்த அரசு இருந்திருக்கிறது!

டிசம்பரில் வீட்டு வாசல்களில் தொங்குகிறதே, பல முனைகள் கொண்ட காகித நட்சத்திரம், அதுவும் வகுப்பறையில் பிறந்ததுதான். 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவியன் சபையார் நடத்திய ஆண்கள் பள்ளியில், வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்டது. தொழிற்சாலைப் பொருளாக மாறியதெல்லாம் பிற்பாடு.

நம்மூர் சங்கதிக்கு வருகிறேன். 1893ல் இதே சென்னையில் தி. சுந்தர ராவ் என்பவர், காகித மடிப்பின் வழியாக வடிவியல் கற்பிக்க ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கின்டர்கார்டன் காகித மடிப்பிலிருந்துதான் தனக்கு இந்த யோசனை கிடைத்தது என்று அதில் சொல்லியிருக்கிறார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அதைப் பாராட்டிக் குறிப்பிட, 1901ல் அமெரிக்காவில் மறுபதிப்பு வந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அதற்கு மறு ஆண்டு, 1894ல், அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் கர்னல் ஒல்காட், ஊரூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். குப்பத்தின் பெயரில் இருப்பது அவர் பெயர்தான். பெசன்ட் நகரில் இன்றும் ஒல்காட் நினைவுப் பள்ளியாக அது நடக்கிறது. அப்படிப்பட்ட பள்ளிகள் வேறு சிலவும் அவர் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பால்மர், கோர்ட்ரைட் என்ற இரண்டு ஆசிரியைகள் அவற்றில் பணியாற்றினார்கள். கின்டர்கார்டன் முறையும் அங்கே வந்தது. எந்தப் பிள்ளைகளின் கையைக் கூலி வேலைக்கு மட்டுமே ஆனது என்று ஊர் நினைத்ததோ, அந்தக் கைக்கு விளையாடவும் யோசிக்கவும் பொருள் கிடைத்தது. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு 1937ல் வார்தா மாநாடு. காந்தியடிகளின் ஆதாரக் கல்வி. ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து எல்லாப் பாடமும் நடக்கவேண்டும், பிள்ளைகள் செய்யும் பொருளின் வருமானம் பள்ளிச் செலவுக்கு உதவவேண்டும் என்றார் அவர். என் வயதுக்காரர்களுக்குத் தக்ளி நினைவிருக்கும். நூல் அறுந்தால் தலையில் குட்டு விழும். இரண்டு ஆண்டுகள் கழித்து 1939ல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் முறையிலும் கைக்குத்தான் முதலிடம்.

அடுத்து 1953. முதலமைச்சர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம்தான் பாடம். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும். வண்ணார் பிள்ளை வெளுக்கவும், குயவர் பிள்ளை பானை வனையவும், மீனவர் பிள்ளை வலை இழுக்கவும் போனால், பள்ளிக்கூடம் எதற்கு? குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியாரும் தி.மு.க.வும் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1954ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் முதலமைச்சரானார். சில வாரங்களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இதைப் படித்த பிறகுதான் அந்த அப்பா சொன்னது எனக்கு விளங்கியது. என் காகித நட்சத்திரம் அவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. 'உன் பிள்ளைக்குக் கைவேலை போதும்' என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட தலைமுறைகளின் பயம் அது. ஃப்ரோபெல் சொன்ன கைவேலை வேறு, 1953ல் சொன்ன கைவேலை வேறு. கை ஒன்றுதான், காரியம் வேறு. அந்த வித்தியாசத்தை அவருக்கு விளங்கவைக்கவேண்டியது என் கடமை. நான் அதைச் செய்யாமல் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாள் சொன்னாலே போதும், உங்களுக்குத் தெரியும். கடல் உள்ளே வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. படகும் வலையும் போயின.

பள்ளி திறந்தபோது, விடுமுறைக்கு முன் நாங்கள் கட்டிய சங்கிலி அப்படியே தொங்கியது. என்ன பாடத்தில் ஆரம்பிப்பது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்த அப்பா பையனைக் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே நின்றவர், "டீச்சர், கைக்கு ஏதாச்சும் வேலை குடுங்க. சும்மா உக்காந்தா அழுவுறான்" என்றார். காகிதம் கொடுத்தேன். அவன் படகு செய்தான். ஒன்றல்ல, தாள் தீரும்வரை. நான்காம் நாள் ஒரு படகின் மேல், அவனாகவே, அவர்கள் படகின் பெயரை எழுதினான். எழுத்துப் பிழை இருந்தது. திருத்தவில்லை.

சாயங்காலம் அவன் அப்பாவிடம் அதைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, மடிப்பு கலையாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சரி, கேட்ட பெண்ணுக்கும் மற்ற டீச்சர்களுக்கும் மூன்று செய்முறை சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஒன்று, ஆறு கை நட்சத்திரம். டிபன் பாக்ஸ் மூடியைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். பாதியாக மடித்து, அதைக் கடலைப் பொட்டலம் போல மூன்று சம பாகமாக மடியுங்கள். மறுபடியும் பாதியாக மடித்து, ஓரங்களில் சின்னச் சின்னதாக வெட்டிப் பிரியுங்கள். நிஜப் பனிப்படிகத்துக்கும் ஆறு பக்கம்தான். எட்டு கை வந்தால் மடிப்பு தப்பு என்று அர்த்தம். ஏன் ஆறு என்று கேள்வி கேட்டு 1611லேயே கெப்ளர் ஒரு சிறு நூல் எழுதினார். உங்கள் பிள்ளைகளும் கேட்கட்டும்.

இரண்டு, தாள் பாய். ஒரு தாளைப் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து விரல் அகலத்துக்குக் கோடு கோடாக வெட்டுங்கள். மறு ஓரம் வரை போகக் கூடாது. பிரித்து, வேறு நிறப் பட்டைகளை ஒன்று விட்டு ஒன்று நுழைத்துப் பின்னுங்கள். தென்னை ஓலையில் பாட்டி கீற்று முடைந்ததைப் பார்த்த பிள்ளைக்கு உங்கள் உதவியே வேண்டாம்.

மூன்று, பெயர்ச் சங்கிலி. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பிள்ளை தன் பெயரை எழுதி வளையமாக ஒட்டவேண்டும். எல்லா வளையமும் கோத்தால்தான் சங்கிலி முழுமை. அன்று வராத பிள்ளைக்கும் ஒரு வளையம் வையுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கி வரச்சொல்லி வீட்டுக்குச் சீட்டு அனுப்பாதீர்கள். பழைய காலண்டரும் பசையும் கத்தரிக்கோலும் போதும். அம்மா இரவெல்லாம் உட்கார்ந்து செய்துகொடுத்த தெர்மாக்கோல் வீட்டைவிட, பிள்ளை செய்த கோணல் நட்சத்திரம் மேல். அதன் மேல் இரண்டு எழுத்தும் இருந்தால், எந்த அப்பா வந்து கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கும்.

இந்தப் பதிவைப் படிக்கிற என் குப்பத்துப் பிள்ளைகளே, அந்தப் படகுக்காரன் உங்களில் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவனுக்கே தெரியும். உன் பிள்ளை இப்போது என்ன வகுப்பு என்று எனக்கு எழுதப்பா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்